வண்டிக்கோர் வழிகாட்டி

அறியாத ஊர்க்குச் செல்வார் அறிந்தாரை வழி வினவிச் செல்லுதல் தொன்றுதொட்டு வரும் வழக்கம். வினவுவாரும் விடை கூறுவாரும் எதிரெதிர் நின்று பேசிய காலம் மெல்ல மறைய, இன்று வண்டியின் முன்புறத்தே பொருத்திய சிறு கருவியொன்று திரும்புமிடமெல்லாம் குரல் கொடுக்கின்றது. ஓட்டுநரும் அக்குரலின்வழியே செல்கின்றனர். ஜி.பி.எஸ். என்று யாவரும் வழங்கும் அக்கருவியைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தோம். ஓரூரினின்று மற்றோரூர்க்கு ஒருமுறை செல்வார்க்கு எக்கருவியாயினும் போதும். நாடோறும் இருபது முப்பது இடங்களில் நின்று நின்று தொழில் செய்வாரோ பலர். பொதி கொண்டு செல்லும் கூரியர்காரர், எரிவாயு உருளை இறக்குவார், பொறிகளைப் பழுது பார்ப்பார், வீடுதோறும் சென்று நோயாளரைக் காணும் செவிலியர் ஆகிய இவர்கட்கு எவ்வகைக் கருவி தக்கது, அதனை எவ்வாறு தேர்தல் வேண்டும் என்பதே எம் பொருள்.

தமிழ்ச் சிறப்பு வகுப்பில் இலக்கணமும் இலக்கியமும் பயிலும் எமக்கு இவ்வாராய்ச்சி எங்ஙனம் வாய்த்தது என்று நண்பர் வினவுவர். அதனை முதற்கண் கூறுவோம்.

எம் தந்தையார் பதினெட்டு ஆண்டுகளாகப் பாளையங்கோட்டையினின்று ரொட்டி ‘லைன்’ ஓட்டியவர். லைன் என்பது வணிகர் வழக்கு. விடியுமுன் பேக்கரியில் சரக்கு ஏற்றிக்கொண்டு, ஒரு சாலையை ஒட்டிய கடைகளுக்கெல்லாம் முறையே இறக்கி, விற்காத பழஞ்சரக்கைத் திரும்பப் பெற்று, பணமும் வாங்கி மீளுதலே லைன் ஆகும். எம் தந்தையாரது லைன் திருச்செந்தூர்ச் சாலையில் செய்துங்கநல்லூர், கருங்குளம், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி ஆகிய ஊர்களைத் தொட்டு நாசரேத் வரை செல்வது. கடைகள் 23. வண்டி, ‘குட்டி யானை’ என்று நம் பக்கத்தார் அழைக்கும் சிறு லோடு வண்டி. அதன் கடன் இன்னும் தீர்ந்தபாடில்லை.

சென்ற ஆண்டு மருத்துவர் அவர் கண்களைச் சோதித்து, நீரிழிவு விழித்திரையைத் தாக்கியுள்ளது என்றும், இருளில் வண்டி ஓட்டுதல் கூடவே கூடாது என்றும் கண்டித்துக் கூறிவிட்டனர். ரொட்டி லைனோ இருளிலேயே தொடங்குவது. கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் வேலை பார்த்துவந்த எம் அண்ணன் அவ்வேலையை விட்டு வந்து வண்டியை ஏற்றனர். தந்தையார் சில நாள் உடன் சென்று கடைகளைக் காட்டினார்; கண்ணுக்குச் சிகிச்சை தொடங்கியபின் அதுவும் இயலாதாயிற்று. அண்ணனுக்கு வண்டி தெரியும், வழி தெரியாது. அச்சாலையில் வேறு மூன்று ரொட்டி வண்டிகள் ஓடுகின்றன. இருமுறை சரக்கு காலந்தாழ்ந்து வருமாயின் கடைக்காரர் மூன்றாம் நாள் மற்றொரு வண்டியை நிறுத்திவிடுவர். வண்டியின் தவணையும், வீட்டுச் செலவும், எம் கல்லூரிக் கட்டணமும் அந்த 23 கடைகளையே நம்பியிருந்தன. அந்நிலையில் அண்ணன் எம்மை நோக்கி, “தம்பி, நீ படிக்கிறவன். நல்ல ஜி.பி.எஸ். ஒன்று பார்த்துச் சொல். கடை பிடிபடும் வரைக்கும் அதுதான் எனக்குத் துணை” என்றார். இதுவே யாம் இத்துறையில் இறங்கிய காரணம்.

நிற்க. இக்கருவி தொழிற்படும் வகையைச் சிறிது அறிதல் நலம். பூமிக்கு மேல் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்க அரசினர் நிறுவிய செயற்கைக்கோள்கள் சுற்றிவருகின்றன. குறைந்தது 24 கோள்கள் இருத்தல் வேண்டுமென்பது அவ்வமைப்பின் திட்டம். ஒவ்வொன்றும் தன்கண் உள்ள அணுக்கடிகாரத்தின் நேரத்தை அலைவழியே இடைவிடாது அறிவித்துக்கொண்டிருக்கும். வண்டியிலுள்ள கருவி, அவ்வறிவிப்பு வந்துசேரக் கொண்ட காலத்தை அளந்து கோளின் தொலைவைக் கணிக்கும். நான்கு கோள்களின் தொலைவு தெரியின் தான் நிற்கும் இடம் தெரியும். 1995-ஆம் ஆண்டில் முழுமை எய்திய இவ்வமைப்பில், பொதுமக்கள் பெறும் அறிவிப்பை வேண்டுமென்றே சிறிது பிழைபடச் செய்து வந்தனர். 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் அவ்வழக்கம் நிறுத்தப்பட்டது. தெருவுக்குத் தெரு வழிகாட்டும் கருவிகள் பெருகியது அதன் பின்னரே. நம் இந்திய நாட்டாரும் 2013-ஆம் ஆண்டு முதல் ‘நாவிக்’ என்னும் தமக்குரிய அமைப்பிற்கான கோள்களை ஏவி வந்துள்ளனர்.

ஈண்டு ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். “எங்கள் ஊரில் டவர் கிடையாது, ஆகையால் ஜி.பி.எஸ். வேலை செய்யாது” என்று பலர் கூறக் கேட்டுள்ளோம். இடத்தை அறிதல் வேறு. படத்தைப் பெறுதல் வேறு. இடத்தை அறிவிப்பன வானத்துக் கோள்கள். அவற்றுக்குக் கைப்பேசிக் கோபுரம் வேண்டுவதில்லை, கட்டணமும் இல்லை. அவ்விடத்தைச் சுற்றியுள்ள சாலைகளைக் காட்டும் படமோ, கருவியினுள்ளே முன்னரே சேமித்திருத்தல் வேண்டும். அன்றேல் கோபுரத்தின் வழியே அவ்வப்போது வந்துசேர வேண்டும். சாலை நெரிசல் முதலிய அன்றாடச் செய்திகள் கோபுரமின்றி வாரா. இவ்வேறுபாட்டை உணர்ந்தவர் கருவி வாங்குவதில் பாதித் தொல்லையைக் கடந்தவராவர்.

கடையில் விற்பனவற்றையும் நண்பர் வைத்திருந்தனவற்றையும் பார்த்ததில், இக்கருவிகள் மூவகைப்படுதலைக் கண்டோம். முதல் வகை, வழிகாட்டுதற்கென்றே செய்த தனிக்கருவி. கார்மின், டாம்டாம் முதலிய நிறுவனத்தார் இவற்றைச் செய்து பெயர் பெற்றவர். படம் உள்ளேயே இருக்கும். தொலைபேசி அழைப்பு குறுக்கிடாது. பல இடங்களைச் சேர்த்து, அவற்றைக் குறுகிய சுற்றாக அடுக்கித் தரும் வசதியும் சில கருவிகளில் உண்டு. விலை மிகுதி, இந்திய நாட்டின் படம் அதில் உள்ளதா, அதனைப் புதுப்பிக்க வழியுண்டா என்று வாங்குமுன்னரே வினவுதல் வேண்டும். இரண்டாம் வகை, கைப்பேசியில் இயங்கும் பொதுவான படச் செயலிகள். கூகுள் மேப்ஸ், நம் நாட்டாரது மேப்பில்ஸ் முதலியன இவ்வகையின. விலையில்லை. ஆயினும் கூகுள் மேப்ஸில் யாம் சோதித்தபோது ஒரு பயணத்திற்கு ஒன்பது இடங்களுக்குமேல் சேர்க்க இயலவில்லை. சேர்த்தவற்றின் முறையையும் கையால் இழுத்தே மாற்ற நேர்ந்தது. மூன்றாம் வகை, பல இடத் தொழிலுக்கென்றே அமைந்து மாதக் கட்டணம் பெறும் செயலிகள். இவை எத்துணை இடங்களையும் ஏற்று, நொடிப்பொழுதில் அடுக்கித் தரும். ‘இவ்விடம் இத்தனை மணிக்கு’ என்று காலவரையறை கொடுக்கவும் இடந்தரும்.

முதலில் எதிர்ப்பட்ட இடர்ப்பாடு முகவரி. நகரத்துக் கடைக்குக் கதவெண்ணும் தெருப்பெயரும் உண்டு. எம் தந்தையாரது குறிப்பிலோ ‘ஆலமரத்தடி’, ‘கேட்டுக்குத் தெற்கே’, ‘பழைய ரேஷன் கடைக்கு எதிர்’ என்றிவ்வாறே இருந்தன. இவற்றைக் கருவி அறியாது. ஆதலின் அண்ணன் ஒவ்வொரு கடை வாயிலிலும் வண்டியை நிறுத்தி, அவ்விடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை எண்களைப் பதிந்துகொண்டனர். புள்ளிக்குப்பின் ஐந்து இலக்கம் எழுதின் ஏறத்தாழ ஒரு மீட்டர் அளவிற்கு இடம் துல்லியமாகும். 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் நம் அஞ்சல் துறையினர் ‘டிஜிபின்’ என்னும் பத்தெழுத்துக் குறியீட்டை வெளியிட்டனர்; நாடு முழுவதையும் ஏறத்தாழ நான்கு மீட்டர்ச் சதுரங்களாகப் பகுத்து ஒவ்வொன்றற்கும் ஒரு குறி கொடுத்துள்ளனர். கதவெண் இல்லாத பெட்டிக்கடைக்கும் இதனால் ஓர் அடையாளம் கிடைத்தது. எனினும் கடைப்பெயரை மட்டும் தந்தையார் வழங்கியவாறே எழுதி வைத்தோம். எண்ணைக் கண்டு ‘ஆலமரத்தடி’யை நினைவு கூர்தல் யார்க்கும் அரிது.

இனி, அடுக்கும் முறை. எந்தக் கடைக்கு முதலிற் செல்வது, எதற்கு அடுத்தது எது என்னும் இது பார்வைக்கு எளிய வினா. எண்ணப் புகின் மலைப்பைத் தருவது. இரண்டு கடைகளாயின் செல்லும் முறை 2, மூன்றாயின் 6, நான்காயின் 24, பத்தாயின் 36,28,800. எம் தந்தையாரது 23 கடைகளுக்கோ அவ்வெண் 23 இலக்கங்களையுடையது. நொடிக்கு நூறு கோடி முறைகளைச் சோதிக்கும் கணிப்பொறி ஒன்றிருப்பினும் அனைத்தையும் பார்த்து முடிக்க எட்டு இலட்சம் ஆண்டுகள் செல்லும். ஊர் சுற்றும் விற்பனையாளர் கணக்கு என்று கணித நூலார் இதனைக் கூறுவர். 1954-ஆம் ஆண்டில் டான்ட்சிக், ஃபல்கர்சன், ஜான்சன் என்னும் மூவர், அமெரிக்க நாட்டின் 49 நகரங்களைச் சுற்றிவர மிகக் குறுகிய வழி இதுவே என நிறுவிக் காட்டினர். அது பெருஞ்செயலாக மதிக்கப்பட்டது. இன்றைய செயலிகளும் எல்லா முறைகளையும் சோதிப்பனவல்ல. ஒரு நல்ல சுற்றை விரைவிற் கண்டு, அதனைச் சிறிது சிறிதாகத் திருத்திக் குறைக்கும் உபாயங்களையே கையாளுகின்றன.

இத்துணை ஆற்றலுடைய செயலி ஒன்று கையில் இருக்க, அதனைச் சோதித்துப் பார்ப்போம் என்று அண்ணன் கருதினர். இலவசமாகச் சில நாள் பயன்படுத்தத் தரும் செயலியொன்றில் 23 கடைகளையும் ஏற்றினோம். தந்தையார் வழக்கமாகச் செல்லும் சுற்று 96 கிலோமீட்டர். செயலி வகுத்த சுற்று 83. ஒருநாள் அதன்படியே அண்ணன் சென்றனர். எரிபொருள் மிஞ்சியது உண்மை. ஆயின் செய்துங்கநல்லூர்த் தேநீர்க் கடைக்கு வண்டி ஐந்தரை மணிக்கே சேர்ந்தது. கடைக்காரர் சினந்திலர், “தம்பி, அண்ணாச்சி வந்திருந்தால் இந்நேரம் பன் எல்லாம் விற்றுத் தீர்ந்திருக்கும்” என்று மட்டும் கூறினராம். நாசரேத்தில் ஒரு கடை இன்னும் திறக்கவில்லை. டிரேயை வாயிலில் வைத்துவிட்டு வர நேர்ந்தது. ஒரு லிட்டர் டீசலினும் குறைந்த மிச்சத்திற்கு இரண்டு டிரே சரக்கு வீணாகித் திரும்பியது.

அன்று மாலை தந்தையார் அதனைக் கேட்டுச் சிறிது நேரம் வாளாவிருந்தனர். பின்னர், “நான் ஏன் அப்படிச் சுற்றிப் போகிறேன் என்று நீங்கள் கேட்கவே இல்லையே” என்றார். அவ்வாரத்து ஞாயிறு ஆராதனை முடிந்து வந்தபின், அவர் கூற யாம் ஒரு நோட்டில் எழுதினோம். கடைப்பெயர் ஒருபுறம், அதனை அம்முறையில் வைத்த காரணம் மறுபுறம். மூன்று மணி நேரம் சென்றது. பதினெட்டு ஆண்டுகளாக அவர் யார்க்கும் சொல்லாதவை அவை. சொல்லத்தக்கன என்று அவரே கருதாதவை.

அவற்றுட் சில வருமாறு. செய்துங்கநல்லூர்த் தேநீர்க் கடைக்கு நாலரை மணிக்குள் பன் சேர்தல் வேண்டும். வாழைத்தார் வெட்டச் செல்வார் நாலே முக்காலுக்கு அங்குத் தேநீர் அருந்திப் புறப்படுவர், அவர் சென்றபின் அன்றைய வணிகம் முடிந்தது. நாசரேத்துக் கடைக்கு ஆறரைக்கு முன் செல்லலாகாது, கடை திறவாது. போகும்போது சாலையின் இடப்பக்கத்துக் கடைகள், மீளும்போது அப்போது இடப்பக்கமாகும் எதிர்வரிசைக் கடைகள். பேருந்துகள் விரையும் சாலையை டிரேயோடு குறுக்கே கடத்தல் ஆகாது. ஒரு கடையில் பணம் வாங்கப் போகும்போது செல்லுதல் வீண். ஒன்பது மணிக்குமேல் மகன் கல்லாவில் அமர்ந்த பின்னரே பணம் வரும். சரக்கு ஏற்றும் முறையும் வழியைப் பொறுத்தது. கடைசியில் இறக்குவது முதலில் ஏறும், முதலில் இறக்குவது கதவோரம் நிற்கும். இடையில் ஒரு கடை முன்பின்னாயின், இருளில் பத்து டிரேக்களை இறக்கி ஏற்ற நேரும்; மெல்லிய பன் நசுங்கும்.

ஓரூரில் இரண்டு கடைகள் எதிரெதிரே உள்ளன. எவர்க்கு முதலிற் சரக்கு இறங்குகின்றதோ அவர்க்கே முதல் வாடிக்கையாளர் செல்வர். ஆதலின் ஒருநாள் இவர்க்கு முதல், மறுநாள் அவர்க்கு முதல் என்று தந்தையார் மாற்றி மாற்றி இறக்கி வந்தனர். இதனை எச்செயலியிடம் எவ்வாறு கூறுவது? மற்றோரிடத்தில், ஆறு பன்னுக்காகச் சாலையை விட்டு இரண்டரைக் கிலோமீட்டர் உள்ளே ஓர் ஆச்சியின் பெட்டிக்கடைக்குச் செல்லுதல் உண்டு. அண்ணன் அதனை விட்டுவிடலாம் என்றனர். தந்தையார் உடன்படவில்லை. அவ்வழியே சென்று மறுபுறம் வெளிப்பட்டால் ரயில்வே கேட்டுக்குத் தப்பலாமாம். கேட் மூடியிருப்பின் கால் மணி நேரம் போய்விடும். “ஆறு பன்னுக்காகப் போகவில்லை, போகிற வழியில் ஆறு பன் இறக்குகிறேன்” என்றார். சற்றுப் பொறுத்து, “அந்த ஆச்சிக்கு வேறு வண்டி போகாது” என்றும் கூறினார்.

இதனை எழுதுங்கால் எமக்கு ஆற்றுப்படை நூல்கள் நினைவுக்கு வந்தன. பரிசில் பெற்று மீளும் கலைஞன், பெறச் செல்லும் கலைஞனை எதிர்ப்பட்டு வழி கூறுதலே ஆற்றுப்படையின் பொருள். சென்று வந்தவனே செல்வானுக்கு உரைக்கின்றான் என்பது அதன் சிறப்பு. மலைபடுகடாத்தில் ஊரும் ஆறும் கூறுவதோடு அமையாது, வழியில் பன்றிக்கு வைத்த பொறி உண்டு, பாம்பு உண்டு, புனங்காப்பார் எறியும் கவண்கல் வரும் என்றெல்லாம் எச்சரிக்கை கூறப்படுகின்றது. தேர்வுக்காக யாம் படித்த அப்பகுதியின் பயன், ரொட்டி வண்டிக்கு நோட்டு எழுதும்போதே எமக்கு நன்கு விளங்கியது. படம் சாலையைக் காட்டும். சாலையில் எந்நேரத்து என்ன எதிர்ப்படும் என்பதைச் சென்று வந்தவரே காட்டுதல் வேண்டும்.

இதற்கு மற்றொரு சான்றும் உண்டு. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களிற் பெய்த பெருமழையை நம் பக்கத்தார் மறவார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தாமிரபரணி கரைபுரண்டது, திருச்செந்தூரினின்று சென்னைக்குப் புறப்பட்ட ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. கிறிஸ்துமஸ் கேக்கிற்கு முன்பணம் வாங்கியிருந்த வாரம் அது. நீர் வடியத் தொடங்கியபின் தந்தையார் வண்டியை எடுத்தனர். அவர் கைப்பேசியில் கோபுரமில்லை. சேமித்திருந்த படத்திலோ எல்லாச் சாலைகளும் முன்போலவே முழுமையாய் இருந்தன. அவர் ஒவ்வொரு தேநீர்க் கடையிலும் நிறுத்தி, எந்தக் குளம் உடைந்தது என்று மட்டும் வினவினராம். குளத்தின் பெயர் தெரிந்தால் அதன் நீர் எந்தச் சாலையை அறுத்திருக்கும் என்பது அவர்க்குத் தெரியும். முன்பணம் வாங்கிய கடைகளுக்கெல்லாம் கேக் பண்டிகைக்கு முன்னரே சேர்ந்தது.

இவ்வாறு கூறுதலாற் கருவி வேண்டா என்பது எம் கருத்தன்று. தந்தையாரது கண்கள் இனி அந்த இருளிற் செல்லா. அண்ணனோ அச்சாலைக்குப் புதியவர். கருவி வேண்டும். ஆனால், நோட்டு எழுதிய பின்னரே எக்கருவி வேண்டும் என்பது எமக்குத் தெளிவாயிற்று. காரணங்களை நோக்க, 23 கடைகளும் தாமே மூன்று கூறுகளாகப் பிரிந்தன. முறை சிறிதும் மாறலாகாத வைகறைக் கடைகள் 6. குறித்த நேரத்துக்கு முன்னும் ஆகாமல் பின்னும் ஆகாமல் செல்லவேண்டிய காலைக் கடைகள் 9. எம்முறையிற் சென்றாலும் இழுக்கில்லாத மீளுவழிக் கடைகள் 8. செயலியின் அடுக்கும் திறம் உண்மையில் வேண்டுவது இறுதி எட்டிற்கு மட்டுமே. இலவசப் படச்செயலியில் ஒன்பது இடமே சேரும் என்று முன்னர்க் குறையாக எண்ணியது இப்போது குறையாகத் தோன்றவில்லை. மூன்று கூறுகளும் ஒன்பதைக் கடக்கவில்லை.

ஆதலின் தனிக்கருவிக்குச் செலவிட எண்ணிய தொகையைச் செலவிடவில்லை. அண்ணனது பழைய கைப்பேசியை வண்டிக்கென்றே ஒதுக்கி, உறுதியான பிடிப்பானும் மின்னேற்றியும் மட்டும் வாங்கினோம். இரு மாவட்டங்களின் படத்தையும் அதிற் சேமித்தோம். மூன்று கூறுகளையும் மூன்று பயணங்களாகப் பதிந்து வைத்தோம். எதிரெதிர்க் கடைகளின் பொருட்டு ஒரு பயணத்திற்கு இரண்டு படிகள், ஒன்று ஒற்றைப்படைத் தேதிக்கு, மற்றொன்று இரட்டைப்படைக்கு. இறுதி எட்டினைச் செயலி கொண்டு அடுக்கியதில் மொத்தச் சுற்று 91 கிலோமீட்டர் ஆயிற்று. தந்தையாரது சுற்றினும் ஐந்து குறைவு. கடை ஒன்றும் காலந்தாழவில்லை. தந்தையாரும் அந்த ஐந்து கிலோமீட்டரைப் பார்த்து, “இது எனக்குத் தோன்றவில்லையே” என்று மகிழ்ந்து ஒப்புக்கொண்டனர்.

எம் இல்லத்துக்குப் பொருந்தியது எல்லார்க்கும் பொருந்தும் என்று கூறோம். நாடோறும் புதிய முகவரிகளைப் பெறும் கூரியர்காரர்க்கு நினைவில் நிற்கும் வழி என்பதே இல்லை. அவர்க்குக் கட்டணச் செயலியே தக்கது, கட்டணம் எரிபொருளில் மீளும். மருந்து கொடுக்கும் நேரம் தவறலாகாத செவிலியர்க்குக் காலவரையறை ஏற்கும் செயலி வேண்டும். உயர்ந்த லாரி ஓட்டுவார்க்கு, வண்டியின் உயரத்தையும் எடையையும் கேட்டுத் தாழ்ந்த பாலங்களைத் தவிர்க்கும் தனிக்கருவியே பாதுகாப்பு. கோபுரம் எட்டாத மலைச்சாலையிற் செல்வார் உள்ளேயே படமுடைய கருவியை நாடுக.

எவராயினும் வாங்குமுன் ஐந்து வினாக்களை எழுப்புதல் நலம். என் தொழிலுக்குரிய இடங்கள் அத்தனையையும் இது ஏற்குமா? மாறலாகாத இடங்களை அசையாது நிறுத்தி, ஏனையவற்றை மட்டும் அடுக்குமா? கோபுரமின்றியும் வழிகாட்டுமா? முகவரியில்லா இடத்தைக் கையாற் குறித்து நான் வழங்கும் பெயரிட இடந்தருமா? இருளில், கையாற் தொடாமலே, கண்ணுக்கும் செவிக்கும் தெளிவாயிருக்குமா? இறுதி வினா சட்டத்தையும் தழுவியது. ஓட்டுநர் கைப்பேசியை வழியறிதற்கு மட்டுமே, அதுவும் கருத்துச் சிதறாவண்ணமே பயன்படுத்தலாம் என்னும் விதி 2020-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்தது. குரல் தமிழில் அமைதல் நன்று. எனினும் யாம் கேட்ட ஒரு கருவி ஆழ்வார்திருநகரியின் ழகரத்தை விழுங்கி வேறோர் ஊராக்கியது. கடை வாயிலை அது தவறாது காட்டியமையின் அண்ணன் அதனைப் பொறுத்தருளினர்; யாமும் பொறுத்தோம்.

இவ்வைந்தினும் முன்னே எழுப்பற்பாலது ஆறாவது வினா ஒன்றுண்டு. இவ்வழியே இதுவரை சென்றவர் யார், அவர் ஏன் அவ்வாறு சென்றனர் என்பதே அது. அதற்கு விடை பெறாமல் வாங்கிய கருவி எத்துணைச் சிறந்ததாயினும், குறுகிய வழியைக் காட்டுமேயன்றித் தொழிலுக்குரிய வழியைக் காட்டாது.

அண்ணன் வண்டியை ஏற்று இப்போது ஐந்து திங்கள் ஆகின்றன. தொடக்க நாட்களில் ஒரு கடை கைவிட்டுப் போயிற்று; அது மீளவில்லை. அதற்கு ஈடாகக் கருங்குளத்திற்கு அப்பால் புதுக்கடை ஒன்று கிடைத்துள்ளது. தவணை தவறவில்லை. தந்தையார் பகலில் வீட்டு வாயிலில் அமர்ந்து, மீண்டு வரும் வண்டியின் ஒலியைக் கொண்டே இன்று கேட் மூடியிருந்ததா இல்லையா என்று கூறிவிடுகின்றனர். யாம் எழுதிய நோட்டு வண்டியின் இருக்கைக்கடியில் உள்ளது. புதுக்கடையின் பெயர் அதில் அண்ணன் கையெழுத்தில் உள்ளது; எதிரே காரணமும் எழுதப்பட்டுள்ளது.

நண்பர்காள்! நம்முட் பலர் இல்லங்களில், வழியோ, வயலோ, தறியோ, கடலோ, ஏதோ ஒன்றை நெடுங்காலம் அறிந்தவர் ஒருவர் இருப்பர். அவர் அறிந்ததை எந்தப் படத்திலும் காணமுடியாது. அவரும் வினவினாலன்றிக் கூறார். வரும் விடுமுறையில் ஒரு நோட்டும் எழுதுகோலும் கொண்டு அவரருகே அமர்வீராக. கருவி வாங்குவது அதன் பின்னர் ஆகுக.